‘நம்ம ஆள்’

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பதே வழக்கு. மானாவாரி நிலத்தில் மழையை நம்பிப் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த சம்சாரிக் குடும்பங்களுக்கு, வாரம் தவறாமல் கூலி கொடுத்த அந்தக் கொட்டகை, ஓர் உத்தியோக ஸ்தலத்துக்குரிய கௌரவமான பெயரைப் பெற்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த ஆபீஸ்களின் வாசலில் ஆள் தேவை என்று எழுதித் தொங்கும் பலகையில் அதிகம் போனால் மூன்று செய்திகள்தாம் இருக்கும்: பெட்டி அடைக்கப் பெண்கள் வேண்டும், வேன் வரும், சனிக்கிழமை சம்பளம். வேலைக்கு வருகிறவளுடைய லட்சியம் யாது, ஓய்வு நேரத்தில் அவள் எதில் ஈடுபாடு கொண்டிருக்கிறாள் என்பன போன்ற விஷயங்களில் அந்தப் பலகை மௌனம் சாதித்துவிடுகிறது.

அதே வட்டாரத்தில் பொறியியல் கல்லூரி வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெட்டி அடைக்கிற தாய்மாரின் பிள்ளைகள் அங்கே படித்து முடிக்கும் தறுவாயில், பெரிய நகரங்களிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து வளாகத்திலேயே ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்கள் கொண்டுவரும் பலகையில் விஷயம் ஏராளம். ‘எங்கள் நிறுவனத்தின் விழுமியங்களைத் தமதாக்கிக்கொள்ளும் இளைஞர்களைத் தேடுகிறோம்’ என்பது அதில் முதல் வாசகம். (விழுமியம் என்பதை எங்கள் நாளில் ஆதரிசம் என்போம், சொல் மாறியிருக்கிறது, அதைச் சுவரில் எழுதி மாட்டும் ஆசை மாறவில்லை.)

என் சித்தி மகள், முறைக்குத் தங்கை, சிறுவயது முதலே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். அவள் மகன் சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு கம்பெனியின் எழுத்துத் தேர்வில் தேறி, கணினிச் சோதனையிலும் தேறி, மூன்றாவதாக ‘பண்பாட்டுப் பொருத்தம்’ பார்க்கும் நேர்காணலுக்கு உட்கார்ந்தான். விடுமுறை நாளில் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். ‘மழை பெஞ்சிருந்தா அய்யாவோட காட்டுக்குப் போவேன் சார்’ என்று இவன் சொல்ல, கேட்டவர் முகம் மலர்ந்து, மலையேற்றமா, எந்தக் காடு என்று ஆவலோடு விசாரித்திருக்கிறார். கரிசலில் காடு என்றால் விளைநிலம் என்பது அந்த நகரவாசிக்கு எப்படித் தெரியும்? ‘இல்ல சார், உளுந்துக்குக் களை எடுக்க’ என்றானாம் பையன். அதன்பின் பேச்சு ஓடவில்லை. இரண்டு நாள் கழித்து, எங்கள் நிறுவனப் பண்பாட்டுக்கு நீங்கள் பொருந்தவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் வந்த அதை அவன் தாய்க்குத் தமிழில் பெயர்த்துச் சொன்னான், வந்தது விபரீதம்.

‘பண்பாடு இல்லாத பிள்ளையாவா அண்ணே நான் வளத்துட்டேன்?’ என்று அவள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டாள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் பாஷையில் வேறு அர்த்தம் என்று நான் விளக்க முயன்றேன். விளக்க விளக்க, அவள் கொண்ட அர்த்தம்தான் சரியோ என்ற சந்தேகம் எனக்கே உண்டாகிவிட்டது.

தன் கொள்கையோடு ஒத்துப்போகிறவனை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு அமெரிக்காவில் பிறந்து விமானமேறி வந்த புதுமை என்று எண்ணுவது பிசகு. நம் கடைவீதிகளில் அதற்கு ‘நம்ம ஆள்’ என்று பெயர். கல்லாவில் உட்காருகிறவனும், சரக்கெடுக்கப் பணத்தோடு வடக்கே போகிறவனும், பங்காளி இல்லாத நேரத்தில் பேரேட்டைத் திறக்கிறவனும் நம்ம ஆளாக இருக்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக இங்கே செல்லுபடியான சித்தாந்தம். அதைப் பழித்துப் பேசிவிட்டுப் போவது சுலபம். ஆயினும் அது சாதித்ததை மறைப்பது நியாயமாகாது. கோர்ட்டும் பாங்கியும் எட்டாத காலத்தில், வாய்வார்த்தையை நம்பிக் கடன் கொடுக்கவும், வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுநிதி சேர்க்கவும் நாடார் சமூகத்தாரால் முடிந்ததென்றால், ஒருவரையொருவர் அறிந்திருந்ததே அதற்கு மூலகாரணம். அந்த மகமைப் பணத்தில்தான் விருதுநகரில் 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியதும், 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து மறு வருஷமே சிவகாசியில் அதைத் தொடங்கியதும், அங்கிருந்து அத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று மழை குறைந்த பூமியெங்கும் பரவியதும், பெரும்பகுதி இந்தப் பரஸ்பர நம்பிக்கையின் பலனே. அந்த வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஓர் ஊரும் ஓர் உறவின்முறையும் தருகிற நம்பிக்கையைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் கதவை அகலத் திறக்க வேண்டும் என்பதை அந்தப் பெயர் மாற்றத்தைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியாது.

‘நம்ம ஆள்’ என்பதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதற்குப் பெயர் விசுவாசம். தீப்பெட்டி ஆபீஸ்களின் பழைய நாட்களை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்பது நினைவிருக்கும். தகப்பன் கையில் முன்பணம் கொடுக்கப்படும். அந்தப் பணம் கழியும்வரை மகள் ஆபீஸுக்கு வருவாள். விடியுமுன்னரே கிராமத்து முக்கில் வந்து ஹாரன் அடிக்கும் பஸ்ஸில், தூக்கம் கலையாத எட்டு வயதும் பத்து வயதுமான குழந்தைகள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து, சட்டத்தின்மேல் சட்டமாக இறுக்கிக் கட்டை அடுக்குவதற்குச் சின்ன விரல்கள்தாம் சௌகரியம் என்றார்கள். வேறு ஆபீஸுக்கு மாறிப் போகிறவள் விசுவாசம் கெட்டவள் ஆனாள். ‘நாமெல்லாம் ஒரு குடும்பம்’ என்ற வாசகத்தை இன்றைய கம்பெனிகள் சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ்ஸின் ஹாரன்தான் காதில் விழுகிறது. இது என் சுபாவக் கோளாறாகவும் இருக்கலாம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா தமிழ்நாட்டின்மீது தொடுத்த வழக்கில், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் கரிசல் எழுத்தாளர் பூமணி இந்தக் குழந்தைகளின் வாழ்வை ‘கருவேலம் பூக்கள்’ என்று திரைப்படமாகவே எடுத்தார். இத்தனையும் நடந்தபிறகுதான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் அம்மாக்கள் மட்டும் ஆபீஸுக்கும் என்ற இன்றைய நிலை வந்தது. என் தங்கை அந்தக் குழந்தைகளில் ஒருத்தி. அவளுடைய விசுவாசத்தில் எந்த முதலாளியும் குறை கண்டதில்லை.

ஆக, ‘நம் லட்சியத்தைப் பகிர்ந்துகொள்கிறவன்’ என்று ஒருவன் சொல்லும்போது, அவன் உள்ளத்தில் இருப்பது லட்சியமா, ஜாடையா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. லாரன் ரிவேரா என்ற சமூகவியல் அறிஞர், அமெரிக்காவின் பெரிய வக்கீல் நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், ஆலோசனைக் கம்பெனிகள் ஆகியவற்றில் ஆள் எடுக்கிறவர்கள் 120 பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. நேர்காணலில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எல்லாவற்றுக்கும் மேலாக மதித்தது ‘பண்பாட்டுப் பொருத்த’த்தைத்தான், அந்தப் பொருத்தமோ பெரும்பாலும் தங்களைப்போலவே விளையாடியவன், தங்களைப்போலவே ஊர் சுற்றியவன் என்ற அளவில் நின்றது. படகோட்டியவனுக்குப் படகோட்டியவனைப் பிடித்திருந்தது. நம் நாட்டில் இதற்குப் படகு தேவையில்லை. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் பெரிய கம்பெனிகளின் ஆள்சேர்ப்பு அதிகாரிகள் 25 பேரோடு பேசி 2007இல் எழுதியபோது, திறமை ஒன்றே எங்களுக்குப் பிரதானம் என்று ஆணித்தரமாகச் சொன்ன அவர்களே, மூச்சு விடாமல் அடுத்தபடியாக, ‘குடும்பப் பின்னணி’யையும் கட்டாயம் விசாரிப்போம் என்று சொன்னார்கள். அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பு ஒன்றே, பெயர் மட்டும் வேறு. தலித் என்று தெரியும் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. அங்கே நேர்காணலுக்கே இடம் வரவில்லை. பொருத்தம் உறையின்மேலேயே பார்த்தாகிவிட்டது.

லட்சியத்துக்காகவே தோன்றிய கம்பெனி ஒன்று இந்தக் கரிசல் மண்ணில் உதித்த ஒருவரால் நடந்தது. இன்றைய பேச்சுக்கு அதைவிடச் சிறந்த உரைகல் எனக்குத் தெரியாது. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே உள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பிரயாணிகளை இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையையும் கொடுக்க முன்வந்தது என்பது இன்றுவரை சொல்லப்படும் செய்தி. அந்தச் சுதேசிக் கம்பெனியின் நோக்கங்களைப் படிக்கிறவர்கள் ஓர் அம்சத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்: இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய நாட்டாருமான மாணவர்களைக் கப்பல்களில் அமர்த்திக்கொண்டு, கப்பலோட்டும் கலையையும் கட்டும் கலையையும் அவர்களுக்குக் கற்பிப்பது என்பது அந்த அம்சம். நமக்கு உகந்தவன் தயாராக எங்கிருந்தோ வந்து சேரட்டும் என்று அந்தக் கம்பெனி காத்திருக்க நினைக்கவில்லை. ஆளை உண்டாக்கும் பொறுப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே எழுதி வைத்தது.

இன்னும் விசேஷம் கடற்கரையில் வேறோர் இடத்தில் நடந்தது. தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்கள் 1888இல் நிறுவிய கோரல் மில்லில் கூலி சொற்பம். வேலை நேரம் நீண்டது. வார விடுமுறை கிடையாது. வ.உ.சி.க்கும் அந்த மில்லுக்கும் முதலாளி – தொழிலாளி உறவு ஏதுமில்லை. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். பட்டினி கிடக்கிறவர்களுக்காக ஊரில் நிதி திரட்டினார்கள். மார்ச் முதல் வாரம் கழிவதற்குள் நிர்வாகம் இறங்கிவந்து, கூலியை உயர்த்தி, நேரத்தைக் குறைத்து, ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக்கியது. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. தூத்துக்குடியில், கூலி உயர்வு கிடைத்துச் சில நாட்களே ஆகியிருந்த அதே கோரல் மில் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள்; இம்முறை தங்களுக்காக ஒரு காசும் கேட்காமல்.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அந்தத் தொழிலாளர்களில் யாரும் சுதேசிக் கொள்கையில் பரீட்சை எழுதித் தேறியவர்கள் அல்லர். 25 ரூபாய்ப் பங்கு ஒன்றை வாங்குவதென்றால் பல மாதக் கூலியை அப்படியே எடுத்து வைக்க வேண்டும்; ஆகையால் பங்குதாரர்களும் அல்லர். கொள்கையைப் பார்த்துக் கம்பெனியில் சேர்ந்த கனவான்கள் பலர் ஒதுங்கிக்கொள்ள, வயிற்றுப்பாட்டுக்காக மில்லில் சேர்ந்தவர்கள் அந்தக் கொள்கைக்காகத் தெருவில் இறங்கினார்கள். இது கொஞ்சம் கடுமையான கணக்குதான். கம்பெனியை நசுக்க அரசாங்கமே கங்கணம் கட்டிக்கொண்டு நின்றபோது பங்குதாரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது வரவேற்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருந்தும், ஒரு மனிதருடைய லட்சியம் இன்னொருவருக்குள் எப்படிப் புகுகிறது என்பதற்கு நான் அறிந்த கணக்கு இதுவே: ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்தது, சுதேசி பிறகு வந்தது.

அப்படியானால் தொழிலுக்கு ஆசாரம் எதுவுமே வேண்டாமா என்று கேட்பவர்களை நான் தீப்பெட்டி ஆபீஸுக்கே அழைத்துப் போவேன். குச்சித் தலைக்கு ஒரு மருந்து. அதில் பொட்டாசியம் குளோரேட் பிரதானம். பெட்டியின் பக்கவாட்டுக்கு வேறொரு மருந்து. அதில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால் தீ. அதுதான் தொழிலின் ரகசியம், அதுதான் அபாயமும். ஒன்றைக் கலக்கிய கையோடு இன்னொன்றைத் தொடுகிறவன், தரையில் சிந்தியதை ஈரத் துணியால் துடைக்காமல் காலால் ஒதுக்கிவிடுகிறவன், எவ்வளவு நல்ல குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாலும் அங்கே ஆகமாட்டான். அந்த ஜாக்கிரதை அவனிடம் உண்டா என்று மேஸ்திரி நேர்காணல் வைத்துத் தெரிந்துகொள்வதில்லை. பக்கத்தில் நிறுத்திவைத்து, ஒரு வாரம் பார்க்கிறார். அவரே துடைத்துக் காட்டுகிறார். மேஸ்திரி துடைக்காத இடத்தில் வேறு யாரும் துடைப்பதில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாயிலும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 30ஆம் தேதி அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரே சரக்கின் மானமாகிவிட்டபடியால், வெல்லத்திலோ கடலையிலோ கைவைக்கிறவன் தன் கடையை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. பாகு காய்ச்சுகிற இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். கொதிக்கிற வெல்லத்தில் ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட வேண்டும். அது இளகினால் பதம் வரவில்லை, இழுபட்டாலும் வரவில்லை, கல்போல இறுகி, விரலில் வைத்து ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். அந்தச் சத்தத்தைத் தாண்டி அரை நிமிஷம் போனால் பாகு கருகிவிடும். அவசரத்தில் ஒரு கொப்பரை கருகினால் முதலாளி என்ன செய்கிறார் என்பதைக் கடையிலுள்ள அத்தனை பேரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கொப்பரையை அவர் கொட்டச் சொன்னால், தரமே எங்கள் உயிர் என்று எழுதி மாட்ட வேண்டிய அவசியம் இராது. புது வெல்லத்தோடு கலந்து தட்டில் ஊற்றச் சொன்னால், எழுதி மாட்டியும் பிரயோஜனமில்லை. அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக்கூட அந்த ஸ்தாபனத்தின் லட்சியம் இன்னதென்று அந்த நிமிஷமே விளங்கிப்போகும்.

ஆகவே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வேலைக்கு வருகிற இருபத்தொரு வயதுப் பிள்ளையிடம், எங்கள் கொள்கை உனக்கு உண்டா என்று கேட்பது, சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளை தன்னை மறைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் பாடச் சொல்லுவது போன்றது. அவன் என்ன பதில் சொல்லுவான்? வேலை தேவைப்படுகிறவன் உண்டு என்றுதான் சொல்லுவான். சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை கிடைக்கும். காட்டுக்குக் களை எடுக்கப் போனேன் என்று உள்ளதைச் சொன்னவன் வீட்டுக்குத் திரும்புவான். நேர்மையே எங்கள் முதல் விழுமியம் என்று அந்தக் கம்பெனியின் பலகையில் எழுதியிருந்ததாகப் பையன் சொன்னான். அதை அவன் பரிகாசமாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

இந்தப் பருவத்திலும் கம்பெனிக்காரர்கள் கோவில்பட்டிக்கு வருவார்கள். வரட்டும்; அவர்கள் வருவதால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. அவர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். கொள்கைகளை அச்சிட்டுக் கொடுக்கும் தாளின் பின்புறத்தில், சென்ற மூன்று ஆண்டுகளில் உங்களைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், எதற்காகப் போனார்கள், புகார் சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அச்சிட்டுக் கொடுங்கள். பொருத்தம் பார்க்கும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு. குடும்பப் பின்னணி என்ற கட்டத்தை விண்ணப்பத்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். விடுமுறை நாளில் காட்டுக்குப் போவேன் என்று ஒரு பையன் சொன்னால், இந்த வருஷம் என்ன விதைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.